கொழுந்து மூட்டையும் கரண்ட் பில்லும்: ஆற்றல் அலகுகளைக் கணக்குப் போடுவது எப்படி

போடிமெட்டு ஏறி கேரளத்துக்குள் வந்தால் சின்னக்கானல். அங்கே எங்கள் லயத்துப் பிள்ளைகளுக்கு (லயம் என்றால் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) மாலையில் இயற்பியல் சொல்லித் தருகிறேன். ஜூல், எர்க், கலோரி என்று பெயர்கள் வந்ததுமே மனப்பாடம் பண்ண உட்கார்ந்துவிடுவார்கள். அதற்கு முன்னால் ஒரு மூட்டையைத் தூக்கிப் பார்க்க வேண்டும்.

என் அம்மா கொழுந்து பறித்தவர். 25 கிலோ மூட்டையோடு 40 மீட்டர் உயரத்தில் இருக்கும் ரோட்டுக்கு ஏறுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிறை, 9.8 (புவியீர்ப்பு முடுக்கம்), உயரம் மூன்றையும் பெருக்குங்கள்: 25 × 9.8 × 40 = 9,800 ஜூல். இதுதான் மூட்டையைத் தூக்கச் செய்த வேலை. பாதை எவ்வளவு வளைந்தாலும் செங்குத்து உயரம் மட்டும்தான் கணக்கு. பாதிப் பேர் சறுக்குவது இங்கேதான்.

அப்புறம் ரோட்டில் சமமாக நடந்து எடை போடும் இடத்துக்குப் போனால், புவியீர்ப்புக்கு எதிரான வேலை பூஜ்யம். "அப்போ எங்க அம்மா சும்மாவா நடக்குறாங்க?" என்று ஒரு சிறுமி கோபமாகக் கேட்டாள். நல்ல கேள்வி. மூட்டைக்குப் போய்ச் சேரும் ஆற்றல் வேறு, தசை எரிக்கும் ஆற்றல் வேறு. ஏறும்போது அம்மா தன் 50 கிலோ உடம்பையும் ஏற்றுகிறார். அது இன்னொரு 19,600 ஜூல். தசை செலவழிப்பதில் சுமார் கால்பங்குதான் வேலையாக மாறும், மிச்சம் வெப்பம். ஆக மொத்தம் 29,400 ஜூலை நாலால் பெருக்கினால் 1,17,600 ஜூல். ஒரு கிலோகலோரி 4,184 ஜூல் என்பதால் இது சுமார் 28 கிலோகலோரி. பிஸ்கட் பாக்கெட்டில் போட்டிருப்பதும் இதே கிலோகலோரிதான்.

கரண்ட் பில்லில் வரும் ஒரு யூனிட் என்பது ஒரு கிலோவாட் ஒரு மணி நேரம் ஓடுவது: 1,000 × 3,600 = 36 லட்சம் ஜூல். 9,800 ஆல் வகுத்தால் 367 மூட்டை! மூணாறு பக்கத்தில் 1940இல் ஓடத் தொடங்கிய பள்ளிவாசல் நீர்மின் நிலையத்திலும் இதே கணக்குதான். அங்கே தண்ணீர் இறங்குகிறது. கிலோவாட் என்பது ஆற்றல் செலவாகும் வேகம், யூனிட்தான் ஆற்றல். இரண்டையும் குழப்பாதீர்கள்.

எர்க் சின்னது, ஒரு கோடி சேர்ந்தால் ஒரு ஜூல். எலக்ட்ரான் வோல்ட் அணுவுக்கு மட்டும்: 1.6 × 10⁻¹⁹ ஜூல். பரீட்சையில் எது வந்தாலும் முதல் வரியிலேயே ஜூலுக்கு மாற்றிவிட்டு, அப்புறம் கூட்டுங்கள்.