காய்ச்சலுக்கு மாத்திரையும் கஷாயமும் எப்படி சேர்த்துக்கிறது

வீட்டுல யாருக்காவது காய்ச்சல்னா பாட்டி நிலவேம்பு காய்ச்சுன்னுவாங்க, அண்ணன் மாத்திரை போதும்பாரு, ரெண்டையும் சேர்த்தே எடுத்துக்கலாம்ங்க, ஆனா எது எதுக்குன்னு தெரிஞ்சிருக்கணும்.

முதல்ல தெர்மாமீட்டர் வெச்சு பாருங்க, நெத்தியில கை வெச்சு பாக்குறதெல்லாம் நம்ப முடியாது. 100.4 தாண்டி உடம்பு வலியும் இருந்தா பெரியவங்களுக்கு பாராசிட்டமால் 500 இல்லன்னா 650, அடுத்ததுக்கு 6 மணி நேரம் இடைவெளி. குழந்தைகளுக்கு எடைய வெச்சுதான் அளவு, டாக்டர கேட்டுதான் குடுக்கணும். டெங்குவா இருக்கலாம்னா ஆஸ்பிரின், இபுப்ரோஃபென் தொடவே தொடாதீங்க, ரத்தக்கசிவு அதிகமாயிடும்.

இப்ப கஷாயம். 2012ல டெங்கு பரவுனப்ப நம்ம அரசாங்கமே ஆஸ்பத்திரியில குடுத்துச்சே அந்த நிலவேம்பு குடிநீர், அதுல நிலவேம்பு மட்டும் இல்ல, வெட்டிவேர், விலாமிச்சு வேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பற்படாகம்னு மொத்தம் 9 சரக்கு இருக்கு. ஒரு ஸ்பூன் பொடிய 200 மில்லி தண்ணியில போட்டு 50 மில்லியா சுண்ட விட்டு வடிகட்டி அப்பவே குடிச்சிடணும், காலையில காய்ச்சுனத ராத்திரிக்கு வெக்காதீங்க. கசப்பு தாங்காது, எங்க வீட்டுல குடிச்சதும் ஒரு துண்டு கருப்பட்டி வாயில போட்டுக்குவோம். மாசமா இருக்கறவங்க குடிக்க வேணாம். சுகர் மாத்திரை போடுறவங்க டாக்டர கேட்டுட்டு குடிங்க, சர்க்கரை ரொம்ப இறங்கிடலாம் (கருப்பட்டியும் வேணாம்).

இடையில கஞ்சி, இளநீர், ஓஆர்எஸ். ஓஆர்எஸ் பெரிய பாக்கெட்ட முழுசா ஒரு லிட்டர் தண்ணியில கலக்கணும், பாதிப் பாதியா கலக்காதீங்க.

ரொம்ப முக்கியமானது இதுதான். ரெண்டு நாள்ல விடலன்னா ரத்தம் டெஸ்ட் எடுத்துடுங்க, கஷாயம் குடிக்கிறோமேன்னு தள்ளிப் போடாதீங்க. டெங்குல காய்ச்சல் விடுற அந்த மூணாவது நாள்லேர்ந்து ஏழாவது நாள் வரைக்கும்தான் ஆபத்தே, எங்க சித்தப்பா கஷாயத்துல சரியாயிடுச்சுன்னு சட்டைய மாட்டிட்டு வேலைக்கு போனாரு, அன்னிக்கு சாயங்காலமே வயித்துவலி, வாந்தி, ஈறுல ரத்தம், தூக்கிட்டு ஓடினோம், நல்லவேளை பொழச்சிட்டாரு. இந்த மாதிரி எது தெரிஞ்சாலும், ஆளு சோர்ந்து கிடந்தாலும், யூரின் கொறஞ்சாலும் உடனே ஆஸ்பத்திரிதான்.

போறப்ப என்னென்ன கஷாயம், எந்த மாத்திரை, எத்தன மணிக்குன்னு ஒரு பேப்பர்ல எழுதி எடுத்துட்டு போங்க, திட்டுவாங்கன்னு பயந்து நாட்டு மருந்த மறைக்காதீங்க.