பரங்கிக் கொடி நிறையப் பூத்தும் காய் நிற்காதது ஏன்?

"கொடி தோட்டம் முழுக்கப் படர்ந்திருக்கு, பூவும் நிறையப் பூக்குது, ஒரு காய்கூட நிக்கல." வீட்டில் பரங்கி போட்டவர்கள் பெரும்பாலோர் சொல்லும் புலம்பல் இது. மஞ்சள் பூசணி என்றாலும், கொங்குப் பக்கம் அரசாணிக்காய் என்றாலும் இதே கொடிதான். காய் நிற்கவில்லை என்றதும் உரக்கடைக்குப் போய் யூரியா வாங்கி வந்து போடுகிறார்கள். யூரியா தருவது தழைச்சத்து. அது கூடினால் இலையும் தண்டும் கொழுக்குமே தவிரக் காய் பிடிக்காது. பல வீடுகளில் கோளாறு மண்ணில் இல்லை, மகரந்தச் சேர்க்கையில் இருக்கிறது.

பரங்கியில் ஆண்பூ தனி, பெண்பூ தனி. ஆண்பூ நீண்ட மெல்லிய காம்பில் நிற்கும். பெண்பூவின் காம்பு குட்டை. இதழுக்கு அடியிலேயே சின்னப் பிஞ்சு ஒன்று உருண்டையாக இருக்கும். கொடி பூக்கத் தொடங்கியதும் முதலில் ஆண்பூக்கள்தான் வரும். அவை உதிர்ந்தால் பதற வேண்டாம், அது இயல்பு. பெண்பூ விரிவது ஒரே ஒரு காலைதான். விடியும்போது மலர்ந்து, வெயில் ஏறியதும் சுருங்கிவிடும். அந்த மூன்று நான்கு மணி நேரத்துக்குள் தேனீக்கள் பலமுறை வந்துபோனால்தான் சூல் பிடிக்கும். இல்லாவிட்டால் பிஞ்சு மஞ்சளாகி, சுருங்கி, சில நாளில் விழுந்துவிடும். இதைப் பூச்சித் தாக்குதல் என்று எண்ணிக் காலையிலேயே மருந்தடிப்பதுதான் பெரிய தவறு. வருகிற ஒன்றிரண்டு தேனீயும் அதோடு போய்விடும். மருந்து அடித்தே தீர வேண்டுமென்றால், வேப்பெண்ணெய்க் கரைசலாக இருந்தாலும், பூ மூடிய பிறகு மாலையில் அடியுங்கள்.

தேனீ வராத மொட்டை மாடியிலும் நகரத்துக் கொல்லையிலும் நாமே கைச்சேர்க்கை செய்துவிடலாம். காலை எட்டு மணிக்குள், அன்று விரிந்த ஆண்பூ ஒன்றைக் காம்போடு பறித்து இதழ்களை உரித்துவிடுங்கள். நடுவில் மஞ்சள் தூள் படிந்த தண்டு நிற்கும். அதைப் பெண்பூவின் நடுவிலுள்ள சூல்முடியில் எல்லாப் பக்கமும் படும்படி மெதுவாகத் தடவுங்கள். ஒரு பக்கம் மட்டும் பட்டால் காய் கோணலாகப் பருக்கும்.

மார்கழிக் கோலத்துச் சாணிப் பிள்ளையாருக்குப் பூ பறிப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பறிக்கும் நேரமும் சேர்க்கை நடக்கும் நேரமும் ஒன்றே. ஆண்பூவாகப் பார்த்துப் பறியுங்கள், அதிலும் இரண்டு மூன்றைக் கொடியில் விட்டுவையுங்கள்.

அடுத்தது இடம். பதினைந்து அடிக்கு மேல் ஓடும் கொடியைச் சின்ன குரோ பேக்கில் வைத்துவிட்டுக் காய் எதிர்பார்ப்பது நியாயமில்லை. தரையில் குழிக்குக் குழி 2 மீட்டர் விடுங்கள். ஒரு குழியில் நான்கைந்து விதை போட்டாலும், முளைத்த பிறகு திடமான இரண்டை மட்டும் நிறுத்துங்கள். கலைக்க மனம் வராமல் எல்லாவற்றையும் விட்டால் எதுவும் தேறாது. இடம் குறைவு என்றால் கோ 2, அர்கா சந்தன் போன்ற சிறு காய் ரகங்களைத் தேடுங்கள். விதைக்கும் பட்டமும் (பருவமும்) முக்கியம்: ஜூன், ஜூலையில் ஒன்று, டிசம்பர், ஜனவரியில் ஒன்று. கடும் வெயிலில் பூக்கும் கொடியில் ஆண்பூவே மிகுதியாக வரும்.

உச்சி வெயிலில் இலை துவண்டால் உடனே தண்ணீர் ஊற்றாதீர்கள். மாலையில் தானே நிமிர்ந்தால் வேரில் ஈரம் இருக்கிறது என்று பொருள். இலையில் வெள்ளையாய்ச் சாம்பல் நோய் படர்ந்ததும் கந்தகத் தூளைத் தூவுவது பலருக்குப் பழக்கம். பூசணிக் குடும்பத்துக்கு அது ஆகாது, இலை கருகிவிடும். பிஞ்சில் ஊசி குத்தியதுபோல் துளையும் பிசினும் தெரிந்தால் அது பழ ஈ. அந்தப் பிஞ்சைக் குப்பைக்குழியில் வீசினால் உள்ளிருக்கும் புழு மண்ணில் இறங்கிக் கூட்டுப்புழுவாகி மறுபடி ஈயாக வரும். பாலித்தீன் பையில் இறுகக் கட்டி வெயிலில் போட்டுவிடுங்கள்.

கடைசித் தவறு அவசரம். கூட்டுக்கு இளங்காய் பறிப்பது வேறு. வைத்திருந்து சமைக்க வேண்டுமானால் காய் கொடியிலேயே முற்ற வேண்டும். நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். காம்பு பச்சை மாறி மரம்போல் இறுகியிருக்க வேண்டும், தோலில் நகத்தை அழுத்தினால் இறங்கக் கூடாது. பறிக்கும்போது காயைத் திருகி இழுக்காமல், இரண்டு மூன்று அங்குலக் காம்போடு கத்தியால் வெட்டுங்கள். காம்பைப் பிடித்துத் தூக்கவும் வேண்டாம், அது ஒடிந்த இடத்தில்தான் அழுகல் தொடங்கும். காற்றோட்டமான நிழலில், ஒன்றோடொன்று உரசாமல் வைத்தால் இரண்டு மூன்று மாதம் தாங்கும். காம்பு போன காயும் தோலில் கீறல் விழுந்த காயும் இருந்தால், அவற்றை முதலில் சமைத்துவிடுங்கள்.