பழைய சான் ஹுவான்: கோட்டை டிக்கெட்டைப் பத்திரமாக வையுங்கள்

கரீபியன் தீவான புவேர்ட்டோ ரிக்கோவின் தலைநகரில் உள்ள பழைய நகரப் பகுதியான பழைய சான் ஹுவானுக்குச் சின்னக் குழுவோடு போகிறீர்களா? எல் மோரோ, சான் கிறிஸ்டோபால் என்று அங்கே இரண்டு பெரிய கோட்டைகள். ஒரே டிக்கெட்டில் 24 மணி நேரத்துக்குள் இரண்டையும் பார்க்கலாம். வழிகாட்டி பெரும்பாலும் நேரமில்லை என்று ஒன்றை மட்டும் காட்டுவார். டிக்கெட்டை வாங்கி வைத்துக்கொண்டு, மற்றதை நீங்களே நடந்துபோய்ப் பாருங்கள். இடையில் சுமார் ஒன்றரை கிலோமீட்டர்தான், அதுவும் கடலை ஒட்டிய பாதை.

எல் மோரோவைக் காலையிலேயே முடித்துவிடுவது நல்லது. 1539இல் கட்டத் தொடங்கிய கோட்டை அது. வாசலுக்குப் போகப் பெரிய புல்வெளியைக் கடக்க வேண்டும், ஒதுங்க ஒரு மரம்கூடக் கிடையாது. உச்சி வெயிலில் பெரியவர்களை நடக்க வைக்காதீர்கள். உள்ளே ஆறு அடுக்குகள். சரிவுப் பாதையும் படிகளும் நிறைய. தண்ணீர் பாட்டில் கட்டாயம்.

அப்புறம், செருப்பு. தெருவெல்லாம் நீலம் பாய்ந்த கல். இரும்பு உருக்கும்போது மிஞ்சும் கசடில் வார்த்தது. குனிந்து பார்த்தால் ஒவ்வொரு கல்லும் ஒரு நீலம், அவ்வளவு அழகு. ஆனால் ஒரு தூறல் போட்டால் போதும், வழுக்கும். பிடிமானமுள்ள ஷூ போடுங்கள்.

இன்னொன்று: புவேர்ட்டோ ரிக்கோ அமெரிக்க ஆட்சிப் பகுதி. இந்திய பாஸ்போர்ட்டில் போகிறவர்களுக்கு அமெரிக்க விசா வேண்டும்.