மல்லாட்டை (நிலக்கடலை) இலைப்புள்ளி: மருந்துச் செலவு எப்போது கட்டுபடியாகும்?

எங்கள் திண்டிவனம் பக்கம் மானாவாரி மல்லாட்டையில் டிக்கா இலைப்புள்ளி என்ற பூஞ்சை நோய் வராத வருஷம் அபூர்வம். இலை கொட்டுவதோடு நஷ்டம் நிற்பதில்லை. காம்பு இற்றுப்போய், செடியைப் பிடுங்கும்போது காய் மண்ணிலேயே தங்கிவிடும். அதைக் கிளறிப் பொறுக்கத் தனிக் கூலி. மாட்டுக்குக் கொடியும் மிஞ்சாது.

விதைத்து 30 நாள் தாண்டியதும் அடி இலைகளைத் திருப்பிப் பார்க்க ஆரம்பித்தேன். மஞ்சள் வளையத்தோடு பழுப்பாக இருந்தால் முன்பருவப் புள்ளி. இலையின் அடியில் கரிப்பொட்டாக இருந்தால் பின்பருவப் புள்ளி. புள்ளி தெரிந்ததுமே ஏக்கருக்கு 400 கிராம் மேன்கோசெப் என்ற பூஞ்சைக்கொல்லி, இலையின் அடியிலும் நனையும்படி. 15 நாள் கழித்து இன்னொரு முறை.

கணக்கு இதுதான்: மருந்து, ஆள்கூலி சேர்த்து ஒரு தெளிப்புக்கு 1,000 ரூபாய். காய் கிலோ 60 ரூபாய் என்றால், ஏக்கருக்கு 17 கிலோ கூடுதலாக வந்தாலே போட்ட காசு வந்துவிடும். இரண்டு தெளிப்புக்கு 34 கிலோ. நான் ஓரமாக ஒரு பாத்தியை மருந்தடிக்காமல் விட்டு, காயை எடை போட்டுப் பார்த்தேன். வித்தியாசம் அதைவிட நன்றாகவே கூடுதல். விலை இறங்கினால் இந்தக் கணக்கைத் திரும்பப் போட வேண்டும்.

அறுவடைக்கு மூன்று வாரம் இருக்கும்போதே மருந்தடிப்பதை நிறுத்திவிடுவேன். காய் முற்றிய பிறகு அந்தக் காசு திரும்பாது; கொடியும் மாட்டுக்குத்தான் போகிறது, அதில் மருந்து தங்கக் கூடாது.