துணைநாடி தன் உளவளத்துணையாளரோடு எவ்வளவு ஒன்றிப்போகிறார்: அளப்பதற்கான வழிமுறை

துணைநாடி, அதாவது உளவளத்துணை பெற வருபவர், தன் உளவளத்துணையாளரின் பார்வையை எவ்வளவு தனதாக்கிக்கொள்கிறார் என்பதை அளக்கும் ஆய்வை யாழ்ப்பாணத்தில் தொடங்குபவர், "உங்கள் உளவளத்துணையாளரைப் போல் இருக்க விரும்புகிறீர்களா?" என்று வினாக்கொத்தில் நேரடியாகக் கேட்பதைத் தவிர்க்க வேண்டும். 'டொக்டர்', 'மிஸ்' என்று மரியாதையோடு அழைக்கும் ஒருவரைப் பற்றிக் கேட்டால் "ஓம்" என்ற பதிலே பெரும்பாலும் வரும். அது மரியாதையை அளக்குமே தவிர ஒன்றிப்போதலை அளக்காது. ஆகவே கேள்வி சுற்றுவழியாகச் செல்ல வேண்டும்.

அதற்கு முன், அளக்கப்படுவது எது என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். இலக்கில் உடன்பாடு, பணிகளில் உடன்பாடு, இருவருக்கும் இடையிலான பிணைப்பு ஆகிய மூன்றையும் கொண்டதே சிகிச்சை உறவு என்று உளவியலாளர் போர்டின் 1979இல் வரையறுத்தார்; அதனை அடியொற்றி ஹோர்வாத்தும் கிரீன்பேர்க்கும் 1989இல் 36 கூற்றுகள் கொண்ட வினாக்கொத்தை வெளியிட்டனர். அதைப் பயன்படுத்தலாம், ஆனால் தனி அளவையாகவே வைத்திருக்க வேண்டும். ஏனெனில் உறவு வலுவாக இருந்தும் துணைநாடி தன் பார்வையை மாற்றாமல் இருக்கக்கூடும். ஒன்றிப்போதல் என்பது உளவளத்துணையாளர் உலகைப் பார்க்கும் விதத்தையும் மதிப்பீடுகளையும் துணைநாடி தனதாக்கிக்கொள்வதாகும். முன்னேற்றம் கண்ட நோயாளர்களின் சில ஒழுக்க மதிப்பீடுகள் சிகிச்சையாளருடையவற்றை நோக்கி நகர்ந்ததை ஆய்வாளர் ரோசென்தால் 1955இல் எடுத்துக்காட்டினார்.

இந்த நகர்வை அளக்க, உளவியலாளர் ஜோர்ஜ் கெலி 1955இல் முன்வைத்த கட்டக முறையே (ஆட்களை எதிரெதிர் பண்புகளில் மதிப்பிட்டு நிரப்பும் அட்டவணை) எனக்கு மிகப் பொருத்தமாகத் தோன்றுகிறது. 'இப்போதைய நான்', 'நான் ஆக விரும்பும் நான்', 'என் உளவளத்துணையாளர்', தாய், தந்தை, மதிக்கும் ஓர் ஆசிரியர், பிடிக்காத ஒருவர் என ஏழெட்டு ஆட்களைத் தனித்தனி அட்டைகளில் எழுதுங்கள். மும்மூன்றாக எடுத்து, "இவர்களுள் இருவர் எதில் ஒத்தவர்கள், மூன்றாமவர் எதில் வேறுபடுகிறார்?" என்று கேளுங்கள். "கோபத்தை மனதுக்குள் வைத்திருப்பவர் – முகத்துக்கு நேரே சொல்பவர்" போன்ற எதிரிணைகள் துணைநாடியின் வாயிலிருந்தே வரும். அவற்றை அவர் பேசும் தமிழிலேயே எழுதிக்கொள்ளுங்கள், திருத்த வேண்டாம். பத்து எதிரிணைகள் கிடைத்ததும் ஒவ்வோர் ஆளையும் ஒவ்வோர் எதிரிணையிலும் 1 முதல் 7 வரை மதிப்பிடச் செய்யுங்கள்.

கணக்கு எளியது. 'இப்போதைய நான்' என்பதற்கும் உளவளத்துணையாளருக்கும் கொடுத்த எண்களின் வித்தியாசங்களை வர்க்கித்துக் கூட்டி, வர்க்கமூலம் எடுக்க வேண்டும். முதல் அமர்வில் அக்கூட்டுத்தொகை 90 ஆக இருந்தால் தூரம் ஏறத்தாழ 9.5, இறுதியில் 40 ஆனால் 6.3. பத்து எதிரிணைகளுக்கு உச்சத் தூரம் ஏறத்தாழ 19. இணைபுக் குணகத்தை (இரு எண்வரிசைகள் சேர்ந்து ஏறியிறங்குவதைக் காட்டும் எண்) மட்டும் கணித்தால், ஒருவரின் எண்கள் மொத்தமாகவே மற்றவருடையவற்றைவிட உயர்ந்தோ தாழ்ந்தோ இருப்பது மறைந்துவிடும் என்பதால் தூரத்தையே முதன்மையாகக் கொள்ளுங்கள்.

இந்தக் குறைவை உடனே ஒன்றிப்போதல் என்று அறிவிப்பதுதான் இத்துறையின் பெரிய பொறி. மனச்சோர்வு நீங்கும்போது ஒருவரின் 'இப்போதைய நான்' நல்லவர்கள் என்று அவர் கருதும் எல்லோரையும் நோக்கி நகரும். உளவளத்துணையாளரும் அவர்களுள் ஒருவரே. அதனால்தான் பட்டியலில் அந்த ஆசிரியர் இருக்கிறார்: ஆசிரியருக்கான தூரமும் அதே அளவு குறைந்திருந்தால் காணப்படுவது பொதுவான நலமடைதலே. அடுத்து, நகர்ந்தவர் யார் என்று பார்க்க வேண்டும். 'நான்' என்பதன் எண்கள் அப்படியே நிற்க, உளவளத்துணையாளருக்குக் கொடுத்த எண்கள் மாறித் தூரம் குறைந்திருந்தால், துணைநாடி தன் சாயலை அவர்மீது ஏற்றிப் பார்க்கிறார் என்பதே பொருத்தமான விளக்கம். இதைப் பிரித்தறிய, உளவளத்துணையாளரும் அதே எதிரிணைகளில் தன்னைத் தனியாக மதிப்பிட வேண்டும். ஆனால் துணைநாடியின் மதிப்பெண்களை அவர் பார்க்கக்கூடாது.

அமர்வுகளுக்கு இடைப்பட்ட நாட்களையும் விட்டுவிடக்கூடாது. சிகிச்சையாளரின் உருவமும் குரலும் அமர்வுக்கு வெளியில் எப்படி நினைவுக்கு வருகின்றன என்பதை அளக்க கெலர், கூலி, ஹார்ட்லி ஆகிய ஆய்வாளர்கள் 1980களின் தொடக்கத்தில் ஒரு கருவியை உருவாக்கினர். அதே எண்ணத்தில், "வீட்டில் வாக்குவாதம் வந்தபோது அவர் இதற்கு என்ன சொல்லியிருப்பார் என்று நினைத்தீர்களா? பிறகு என்ன செய்தீர்கள்?" என்று கேட்கலாம். இரண்டாவது கேள்வியே முக்கியமானது. நினைப்பதற்கும் கடைப்பிடிப்பதற்கும் உள்ள இடைவெளியை அதுவே காட்டும்.

கட்டகத்தை உளவளத்துணையாளர் அல்லாத ஒருவர், முதல் அமர்விலும் நடுவிலும் இறுதியிலும், முடிந்தால் சில மாதங்கள் கழித்தும் நிரப்பச் செய்ய வேண்டும். ஒருவரையொருவர் எப்படியோ அறிந்திருக்கும் சமூகமாதலால், நேர்காண்பவர் துணைநாடியின் ஊரவராகவோ உறவினராகவோ இருக்கக்கூடாது. தாள்களில் பெயருக்குப் பதிலாகக் குறியீடு இருக்கட்டும். அறநெறி மீளாய்வுக் குழுவின் அனுமதி கிடைக்கும்வரை ஒருவரையும் அணுக வேண்டாம். இடையில் நின்றுவிடுபவர்களின் முதற் கட்டகங்களைக் கழித்துவிடாமல் தனியாகப் பகுத்தாராயுங்கள். தொடக்கத்திலேயே தூரம் மிக அதிகமாக இருந்தவர்கள்தாம் நின்றார்களா என்பதை அவற்றிலிருந்துதான் பார்க்க முடியும்.