டர்போவா, நோர்மலா? உவர்மலை ஏறிப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்

சித்தியின் மகன் திருகோணமலைப் பக்கம் நிலாவெளியிலிருந்து ஃபோன் எடுத்தான். "அக்கா, ரெண்டு வேகன் ஆர் பார்த்து வைச்சிருக்கிறன். ஒண்டு டர்போ, மற்றது நோர்மல். டர்போவுக்குக் கூடக் கேக்கினம். எதை எடுக்க?"

டர்போ என்றால் எஞ்சினுக்குள் காற்றை அமுக்கித் தள்ளி வலுவைக் கூட்டும் பகுதி. கிண்ணியாவில் என்னோடு வேலை செய்கிறவர்களும் இதைக் கேட்பதுண்டு. எங்கள் வட்டத்தில் இரண்டையும் வைத்து ஓட்டியவள் நான் ஒருத்திதான். ஐந்து வருடம் டர்போ இல்லாத வேகன் ஆர், 2023 இலிருந்து அதே வேகன் ஆரின் ஸ்டிங்ரே டர்போ. அன்று தம்பிக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

முதலில் காரை விட்டுவிட்டு ஒரு கடதாசி எடுங்கள். மாதத்தில் எந்தப் பாதையில், எத்தனை தடவை, எத்தனை பேரோடு ஓடுகிறீர்கள் என்று எழுதுங்கள். என்னுடையது இப்படி இருந்தது: உப்புவெளி வீட்டிலிருந்து கிண்ணியாவுக்கு வேலைக்கு, போக வர ஏறக்குறைய 50 கிலோமீற்றர், தனியாக. மாதம் ஒரு தடவை அம்மாவைக் கண் கிளினிக்குக்குக் கண்டி கூட்டிப்போவது, அண்ணா அண்ணியோடு சேர்த்து நாலு பேர். வருடத்தில் இரண்டு மூன்று தடவை நுவரெலியா. எல்லாம் கூட்டினால் மாதம் 1500 கிலோமீற்றர் வரும்.

கிண்ணியாப் பாதை தட்டை. பாலம் ஏறுவதைத் தவிர ஏற்றம் என்று சொல்ல ஒன்றுமில்லை. அந்த ஓட்டத்துக்கு டர்போ ஒரு சதத்துக்கும் தேவையில்லை. கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை வரைக்கும் அப்படித்தான். அதற்குப் பிறகு மாத்தளைப் பக்கம் ஏறுவதே தெரியாமல் ஏறும். கம்பளை தாண்டி றம்பொடை வளைவுகளுக்கு வந்தால் எந்தச் சின்ன எஞ்சினும் தன் வயதைச் சொல்லிவிடும்.

இரண்டு வேகன் ஆருக்கும் எஞ்சின் அளவு ஒன்றுதான், 658 சிசி. ஜப்பானில் கெய் என்று சொல்லும் சின்ன வாகனங்களுக்கு 660 சிசி எல்லை உண்டு. என்னிடம் இருந்த தலைமுறையில் டர்போ இல்லாததற்கு 52 குதிரைவலு, டர்போவுக்கு 64. அந்த 64 ஐத் தாண்டுவதில்லை என்று ஜப்பான் கம்பனிகள் தங்களுக்குள் வைத்திருக்கும் கட்டுப்பாடு. 12 குதிரைதானே கூட என்று நினைக்க வேண்டாம். இழுவையைப் பாருங்கள்: ஒன்றில் 63 நியூட்டன் மீற்றர், மற்றதில் 95. அதுவும் எஞ்சின் நிமிஷத்துக்கு 3000 சுற்றுச் சுற்றும்போதே வந்துவிடும். ஒன்றரை மடங்கு. நாலு பேர் ஏறி, ஏசியும் போட்டு, மேட்டில் நிற்கும்போது கால் உணர்வது இதைத்தான்.

வேகத்துக்காக டர்போ எடுக்கிறேன் என்பவர்களிடம் நான் விவாதிப்பதில்லை. ஊர்மனைக்கு வெளியே காருக்குச் சட்ட எல்லை 70 கிலோமீற்றர். அந்த 70 இல் இரண்டும் ஒரே மாதிரித்தான் போகும். வித்தியாசம் தெரிவது லொறியை முந்தும்போது. ஹபரணைக்கும் கந்தளாய்க்கும் நடுவே இரண்டு ஒழுங்கைப் பாதையில் மூட்டை ஏற்றிய லொறிக்குப் பின்னால் பழைய காரில் நான் கிடந்த நேரத்தைக் கூட்டினால் ஒரு நாள் வரும்.

இன்னொன்று உயரம். மேலே போகப் போகக் காற்று மெலியும். டர்போ இல்லாத எஞ்சின் 100 மீற்றருக்கு ஏறக்குறைய நூற்றுக்கு ஒன்று என்று வலுவை இழக்கும். நுவரெலியா 1868 மீற்றர். அங்கே போய்ச் சேரும்போது உங்கள் 52 குதிரையில் ஏறக்குறைய பத்து வழியில் இறங்கியிருக்கும். டர்போ காற்றைத் தானே அமுக்கி உள்ளே அனுப்புவதால் அவ்வளவு களைக்காது. கடல்மட்டத்தில் இருக்கும் எங்களுக்கு இது மலைநாட்டுப் பயணத்தில் மட்டும்தான் பிரச்சினை.

சரி, ஓட்டிப் பார்ப்பது. இதில்தான் எல்லோரும் ஏமாறுகிறோம். விற்கிறவர் காலையில் வரச் சொல்வார், பக்கத்தில் அவர் மட்டும் இருப்பார், கடற்கரை வீதியில் ஒரு சுற்று. அந்தச் சுற்றில் சைக்கிள்கூட நன்றாகத்தான் ஓடும். நான் தம்பிக்குச் சொன்னது: மத்தியானம் போ, மூன்று பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு போ. ஆடி மாதம், கச்சான் காற்று அனலாக அடிக்கும் நாள் என்றால் இன்னும் நல்லது. ஏசியை முழுதாகப் போடு. எங்கள் நகரத்து மேடான உவர்மலையின் அடியில் காரை முழுதாக நிறுத்தி, அங்கிருந்து எடு. வரும் வேகத்தோடு ஏற வேண்டாம். டர்போ இல்லாத கார் சத்தம் போட்டு ஏறும், அது பரவாயில்லை. அந்தச் சத்தத்தை உன்னால் ஒவ்வொரு நாளும் கேட்க முடியுமா என்று மட்டும் பார். பிறகு நிலாவெளி வீதியில் 40 இல் போய்க்கொண்டிருந்து ஒரே மிதியில் 70 க்கு எடு. டர்போவில் மிதித்த பிறகு ஒரு சின்னத் தயக்கம், அப்புறம் முதுகில் ஒரு தள்ளு வரும். அது இயல்பு. தள்ளு வராமல் தயக்கம் மட்டும் இருந்தால் இறங்கி நன்றி சொல்லிவிட்டு வீட்டுக்குப் போ.

டர்போ இல்லாத காரில் இந்த ஓட்டத்தை முடித்து "இது போதும்" என்று பட்டால் அதற்கு மேல் யோசிக்க ஒன்றுமில்லை, அதையே எடுங்கள். நூற்றுக்கு எழுபது பேருக்கு அப்படித்தான் படும் என்பது என் ஊகம்.

இனி ஒயில். இதை நான் காசு கட்டிப் படித்தேன்.

எஞ்சினிலிருந்து வெளியே போகும் புகை ஒரு சின்னச் சக்கரத்தைச் சுழற்றும். அதே தண்டின் மற்றப் பக்கத்தில் இன்னொரு சக்கரம், அது காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளும். டர்போ என்றால் இவ்வளவுதான். ஆனால் அந்தத் தண்டு நிமிஷத்துக்கு ஒரு லட்சம் தடவைக்கு மேல் சுற்றும், ஒரு பக்கம் நெருப்பாகக் கொதித்துக்கொண்டு. அதைத் தாங்குவது எஞ்சின் ஒயிலின் மெல்லிய படலம். ஒயில் பழசானால் அந்தச் சூட்டில் கருகிக் கரியாகி, ஒயில் போகும் சின்ன வழிகளை அடைத்துவிடும். ஜப்பானில் கெய் டர்போக்களுக்கு 5000 கிலோமீற்றர் அல்லது 6 மாதம் என்றுதான் ஒயில் மாற்றச் சொல்கிறார்கள், கடுமையான பாவனைக்கு அதிலும் பாதி. டர்போ இல்லாத காரில் 10,000 வரை இழுத்தவர் டர்போவிலும் அதே பழக்கத்தைத் தொடர்ந்தால் கார் உடனே ஒன்றும் சொல்லாது. அடுத்து வாங்குகிறவரிடம்தான் சொல்லும்.

அந்த அடுத்தவள் நான். கொழும்புப் பக்கம் ஒரு கார் சேலில் எடுத்தது. வெளியே கண்ணாடி மாதிரி இருந்தது, உள்ளே வாசனைத் திரவியம் வேறு. எட்டாவது மாதம் மாத்தளையில் சிக்னலில் நின்று எடுத்தபோது பின்னால் நீலப் புகை, அண்ணா கண்ணாடியில் பார்த்துவிட்டு "யாரோ கஞ்சல் எரிக்கிறாங்கள்" என்றார். எரிந்தது என் ஒயில். பாலையூற்றில் நான் நம்பும் கராஜ்காரர் டர்போவைக் கழற்றி, தண்டை இரண்டு விரலால் பிடித்து ஆட்டிக் காட்டினார். பல் ஆடுகிற மாதிரி ஆடியது. மாற்றிய செலவு என் ஒரு மாதச் சம்பளத்தைத் தாண்டியது. விற்றவர் ஃபோனை எடுக்கவில்லை.

ஆகவே பழைய டர்போ கார் வாங்குவதென்றால், முந்தின சொந்தக்காரரின் ஒயில் பழக்கத்தையும் சேர்த்துத்தான் வாங்குகிறீர்கள். அதைக் கண்டுபிடிக்கச் சில வழிகள் உண்டு. சாரதிக் கதவைத் திறந்து, உடம்புச் சட்டத்தின் ஓரத்தைப் பாருங்கள். ஜப்பானில் ஒயில் மாற்றும்போது அங்கே சின்ன ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். எழுத்து புரியாவிட்டாலும் கிலோமீற்றரும் திகதியும் புரியும். வருடம் மட்டும் அவர்களின் மன்னர் ஆண்டுக் கணக்கில் இருக்கும்: ரெய்வா என்றால் 2018 ஐக் கூட்டுங்கள், ரெய்வா 3 என்பது 2021. அதற்கு முந்தின ஹெய்செய் என்றால் 1988 ஐக் கூட்டுங்கள், ஹெய்செய் 30 என்பது 2018. ஒரு ஸ்டிக்கருக்கும் அடுத்ததற்கும் 5000 சொச்சம் இருந்தால் அந்தக் கார் ஒரு நல்ல மனிதரிடம் இருந்திருக்கிறது. ஸ்டிக்கரைச் சுரண்டிய அடையாளம் இருந்தால் ஏன் என்று கேளுங்கள். இலங்கைக்கு வந்த பிறகு சேவிஸ் ஸ்டேஷன் கொடுத்த அட்டைகளையும் கேளுங்கள்.

பிறகு, விற்கிறவர் காரைச் சூடாக்கி வைப்பதற்கு முன்பே விடிய ஆறரைக்குப் போய் நில்லுங்கள். போனற்றைத் தொட்டால் குளிர்ந்திருக்க வேண்டும். ஸ்டார்ட் பண்ணி, பின்னால் ஒருவரை நிறுத்திப் புகையின் நிறத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். ஐந்து நிமிஷம் சும்மா ஓடவிட்டு, சட்டென்று மிதித்து மறுபடி பாருங்கள், நீலம் தெரிவது அப்போதுதான். எஞ்சினை நிறுத்தி ஒயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் அடியில் தார் மாதிரிப் பிசுபிசுப்பு இருக்கக்கூடாது. கராஜ்காரர் கூட வந்தால், டர்போ அமுக்கிய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் குழாயைக் கழற்றிப் பார்ப்பார். உள்ளே மெல்லிய ஈரம் பரவாயில்லை, ஒயில் தேங்கி நின்றால் வேண்டாம். அம்புலன்ஸ் சைரன் மாதிரி ஊளை கேட்டாலும் வேண்டாம்.

பெற்றோல் பற்றிப் பலர் பயப்படுகிறார்கள், அவ்வளவு தேவையில்லை. ஜப்பானின் சாதாரணப் பெற்றோலே குறைந்தது 89 ஒக்டேன். அதற்காகச் செய்த கெய் டர்போவுக்கு எங்கள் ஷெட்டில் அடிக்கும் 92 தாராளம். ஐரோப்பிய டர்போ என்றால் கதை வேறு, பலதும் 95 கேட்கும். பெற்றோல் மூடியின் உட்பக்கத்தையோ கையேட்டையோ பாருங்கள்.

செலவில் என் கணக்கு: பழைய கார் லீற்றருக்கு 17 கிலோமீற்றர் தந்தது, டர்போ 15. மாதம் 1500 ஓடும் எனக்கு 12 லீற்றர் கூட. வருடத்தில் ஒயில் மாற்றம் இரண்டுக்குப் பதில் மூன்று நான்கு. உங்கள் ஓட்டத்தைப் போட்டு நீங்களே பெருக்கிப் பாருங்கள். ஒரு வேடிக்கை, கண்டிக்கு நாலு பேரோடு போய்வந்தால் இரண்டும் ஏறக்குறைய ஒரே பெற்றோல்தான் குடித்தன. வலு இல்லாததை மிதித்து மிதித்தே ஏற்ற வேண்டியிருந்தது. ஆனால் 2022 பெற்றோல் தட்டுப்பாட்டில் கியூஆர் காட்டிக் கிழமைக்கு 20 லீற்றர் வாங்கிய காலத்தில் என்னிடம் டர்போ இல்லாமல் இருந்ததற்குக் கோணேசருக்கு நன்றி.

சுசுகி எவ்ரி வேன் பார்க்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சும்மா ஆளோடு ஓட நோர்மல் போதும். மீன் பெட்டி, கடைச் சாமான், ஹோட்டல் விருந்தாளிகளின் பை என்று ஏற்றுவதானால் யோசிக்காமல் டர்போ. நோர்மலின் 49 குதிரையில் சுமையும் ஏசியும் சேர்ந்து போகாது.

டொயோட்டா ரெய்ஸ் பார்க்கிறவர்கள் முழுக் கணக்கையும் மாற்றிப் போட வேண்டும். அதில் டர்போ எஞ்சின் 996 சிசி, டர்போ இல்லாதது 1196. எங்கள் நாட்டில் வரி போடுவது சிசியைப் பார்த்து, அதில் 1000 ஒரு எல்லை. டர்போ என்றால் விலை கூட என்று நினைத்துக்கொண்டு போனால், அங்கே அது தலைகீழாக இருக்கலாம். இரண்டுக்கும் எழுத்தில் விலை வாங்கிய பிறகு யோசியுங்கள்.

டர்போ எடுத்தே ஆவது என்றால் இரண்டு பழக்கம் பழகுங்கள். காலையில் ஸ்டார்ட் பண்ணியதும் மிதிக்க வேண்டாம், முதல் சில கிலோமீற்றருக்காவது மெதுவாக விடுங்கள். ஏற்றம் ஏறி முடித்த உடனே எஞ்சினை நிறுத்த வேண்டாம், ஒரு நிமிஷம் ஓடவிடுங்கள். வேகன் ஆரில் நின்றால் தானே எஞ்சினை நிறுத்தும் வசதி உண்டு. மலையில் அதை அணைத்து வைப்பதற்கு ஒரு பொத்தான் இருக்கிறது, நான் கம்பளையிலேயே அழுத்திவிடுவேன்.

தம்பி அந்த டர்போவின் கதவு ஓரத்தைப் படம் எடுத்து அனுப்பினான். இரண்டு ஸ்டிக்கர்: ஒன்றில் 21,000, மற்றதில் 34,000. நடுவில் ஒன்றுமில்லை. "13,000 ஓடி இருக்கு ஒயில் மாத்தாம" என்று அவனே எழுதியிருந்தான். நோர்மலைத்தான் எடுத்தான். கடைக்கும் வீட்டுக்கும், வெள்ளிக்கிழமை கோணேசர் கோயிலுக்கும் ஓடுகிறான், ஒரு முறைப்பாடும் இல்லை. சித்திரை விடுமுறைக்கு நுவரெலியா போக மட்டும் என் காரைக் கேட்டான். சாவியைக் கொடுக்கும்போது, ஏறி முடிந்ததும் ஒரு நிமிஷம் என்றேன். "தெரியும் அக்கா, தெரியும்" என்று சொல்லிக்கொண்டே போனான்.