புரோஹார்மோன் வரிசையைப் பென்சிலால் வெட்டிப் படிப்பது எப்படி

அமினோ அமிலங்களைக் கோத்துச் செய்த பெப்டைடு ஹார்மோன்கள் செல்லுக்குள் முழுசாகத் தயாராகி வருவதில்லை. முதலில் புரோஹார்மோன் என்ற நீளமான, வேலைக்கு ஆகாத ஒரு சங்கிலி உருவாகிறது. நொதிகள் அதை வரிசையாக வெட்டி, முனைகளைச் சீவி, சில சமயம் முனையின் வேதியியலையே மாற்றிய பிறகுதான் ஹார்மோன் கிடைக்கிறது. பாடப்புத்தகங்கள் இதை நாலு அம்புக்குறி போட்ட ஒரு படத்தில் முடித்துவிடுகின்றன. படிக்கிறவர்களும் நொதிகளின் பெயரை மனப்பாடம் செய்துவிட்டுப் போய்விடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. என் உயிர்வேதியியல் வகுப்பில் அமினோ அமில வரிசையை அச்செடுத்துக் கையில் கொடுத்து, பென்சிலால் வெட்டச் சொல்வேன். விதிகள் கொஞ்சம்தான். அவை பிடிபட்டுவிட்டால், முன்பின் பார்த்திராத ஹார்மோனைக்கூட ஓரளவு நீங்களே கணித்துவிடலாம்.

மனித இன்சுலினிலிருந்து தொடங்குங்கள். புரத வரிசைகளைத் தொகுத்து வைத்திருக்கும் யூனிபுராட் இணையதளத்தில் பி01308 என்ற பதிவெண்ணில் வரிசை இலவசமாகக் கிடைக்கும், ஓர் அமிலத்துக்கு ஓர் எழுத்து. மொத்தம் 110 அமினோ அமிலங்கள். எங்கெங்கே வெட்டுப்படும் என்று அந்தப் பக்கத்திலேயே குறித்திருப்பார்கள். இப்போதைக்கு அதைப் பார்க்க வேண்டாம், கடைசியில் சரிபார்க்க உதவும்.

முதல் 24 எழுத்துகளைப் பாருங்கள். லூசின் லூசினாக, தண்ணீரை ஒதுக்கும் அமிலங்கள் குவிந்திருக்கும். இது சிக்னல் பெப்டைடு. சங்கிலியை எண்டோபிளாச வலைக்குள் நுழைத்துவிடுவதுதான் இதன் வேலை. அது முடிந்ததும் சிக்னல் பெப்டிடேஸ் அதை நறுக்கிவிடும். ஒரு கோடு போட்டுத் தள்ளிவிடுங்கள். மிச்சம் 86, இதுதான் 1967-இல் டொனால்ட் ஸ்டைனர் வெளிக்கொண்டு வந்த புரோஇன்சுலின். அடுத்த வெட்டுக்கு அவசரப்பட வேண்டாம். சங்கிலி மடிந்து, சிஸ்டீன்களுக்கு இடையே மூன்று டைசல்பைடு பிணைப்புகள் விழ வேண்டும். நடுத்துண்டை எடுத்த பிறகும் இரண்டு முனைத்துண்டுகளைச் சேர்த்துப் பிடித்திருக்கப்போவது அவைதான்.

இப்போது சிவப்புப் பென்சில். ஆர்ஜினினும் லைசினும் பக்கத்தில் பக்கத்தில் ஜோடியாக வரும் இடங்களை வட்டமிடுங்கள். வரிசையில் ஆர்ஜினினுக்கு எழுத்து ஆர், லைசினுக்கு கே. ஆர்-ஆர், கே-ஆர், கே-கே, ஆர்-கே, எதுவானாலும் சரி. புரோஇன்சுலினில் இரண்டே ஜோடிகள்தான்: 31, 32-ஆம் இடங்களில் ஆர்ஜினின்-ஆர்ஜினின், 64, 65-இல் லைசின்-ஆர்ஜினின். ஜோடியின் வலப்பக்கம் கோடு போடுங்கள். இந்த இடங்களை வெட்டுகிற குடும்பத்துக்கு புரோஹார்மோன் கன்வெர்ட்டேஸ் என்று பெயர். சுரப்புச் செல்களில் முக்கியமானவை பிசி1/3, பிசி2 என்ற இரண்டும். ஈஸ்ட்டில் இதே வேலையைச் செய்யும் கெக்ஸ்2 நொதி 1984-இல் பிடிபட்டது. அதன் சாயலைத் தேடித்தான் 1990 வாக்கில் பாலூட்டிகளின் நொதிகளைக் கண்டுபிடித்தார்கள்.

இந்த நொதிகளுக்குக் கால்சியம் வேண்டும், அமிலச் சூழலும் வேண்டும். சுரப்புத் துகள்களுக்குள் பிஎச் 5.5-ஐ ஒட்டி இறங்கும்போதுதான் முழு வேகத்தில் வெட்டும். அதனால் மடிப்பு முடிவதற்கு முன் எண்டோபிளாச வலையிலேயே சங்கிலி துண்டாகிவிடும் ஆபத்து இல்லை. நான் வியந்து ரசிக்கும் விஷயம் ஒன்று உண்டு. இந்த நொதிகளும் செயலற்ற நீளச் சங்கிலிகளாகவே உருவாகின்றன, தங்களை அடக்கிவைத்திருக்கும் முன்துண்டு வெட்டுப்பட்ட பிறகே வேலைக்கு வருகின்றன.

கோடு போட்டாகிவிட்டதா? முதல் துண்டு பி சங்கிலி, நடுத்துண்டு சி-பெப்டைடு, கடைசித் துண்டு ஏ சங்கிலி; பி-யும் ஏ-யும் சேர்ந்ததுதான் இன்சுலின். பி சங்கிலியின் வால் முனையில் இரண்டு ஆர்ஜினின்கள் தொங்கிக்கொண்டிருக்கும், சி-பெப்டைடின் வாலில் லைசினும் ஆர்ஜினினும். அவற்றை கார்பாக்ஸிபெப்டிடேஸ் ஈ ஒவ்வொன்றாகச் சீவும். அடித்துவிடுங்கள். மிச்சத்தை எண்ணினால் பி சங்கிலி 30, சி-பெப்டைடு 31, ஏ சங்கிலி 21. கூட்டினால் 82, காணாமல் போன நாலும் நீங்கள் அடித்த நாலும் ஒன்றேதான். இன்சுலின் எத்தனை மூலக்கூறோ அத்தனை சி-பெப்டைடும் ரத்தத்துக்குள் போகிறது. ஊசியில் போடும் இன்சுலினில் சி-பெப்டைடு கிடையாது. ஊசி போட்டுக்கொள்கிறவரின் கணையம் சொந்தமாக எவ்வளவு சுரக்கிறது என்று அறிய மருத்துவர்கள் அதை அளப்பது இதனால்தான்.

அடுத்து நீலப் பென்சில், கிளைசினுக்காக. இன்சுலினில் இதற்கு வேலையில்லை. டிஆர்ஹெச் என்கிற தைராய்டு தூண்டும் மூளை ஹார்மோனின் முன்சங்கிலியை எடுங்கள். மனிதச் சங்கிலியில் குளுட்டமின்-ஹிஸ்டிடின்-புரோலின்-கிளைசின் என்ற நாலெழுத்து ஆறு முறை வரும், இருபுறமும் லைசின், ஆர்ஜினின் ஜோடிகள் காவலிருக்கும். ஜோடியில் வெட்டி, வாலைச் சீவுங்கள். கடைசியில் நிற்பது கிளைசின். அப்படி ஒரு கிளைசின் வால் முனையில் வெளிப்பட்டால், அங்கே பிஏஎம் என்ற நொதி வரும் என்று நீலத்தில் எழுதுங்கள். செம்பு, வைட்டமின் சி, ஆக்சிஜன் மூன்றையும் வைத்துக்கொண்டு அது கிளைசினை உடைக்கும். கிளைசினின் நைட்ரஜன் மட்டும் புரோலினோடு அமைடாகத் தங்கும், மீதி கிளையாக்ஸிலேட்டாகக் கழன்றுபோகும். தலைமுனையில் குளுட்டமின் தனக்குள்ளேயே வளையமாகிவிடும், அதற்குத் தனி நொதி உண்டு. இப்படி இருமுனையும் மூடிய மூன்றே அமிலங்கள்தான் டிஆர்ஹெச். 1969-இல் கில்லமின், ஷாலி இருவரின் குழுக்களும் இந்த அமைப்பைக் கண்டறிந்தன; 1977-இல் இருவரும் நோபல் பரிசில் பங்கு பெற்றார்கள். அமைடு இல்லாத டிஆர்ஹெச் கிட்டத்தட்ட எதற்கும் உதவாது.

இதுவரை காகிதத்திலேயே முடிந்தது. இனி ஒரு கேள்வியைக் கேட்காமல் எந்த விடையையும் நம்ப வேண்டாம்: இந்தச் சங்கிலி எந்தச் செல்லில் இருக்கிறது? வகுப்பில் நான் அதிக நேரம் செலவிடுவது இங்கேதான்.

பல ஹார்மோன்களுக்கு முன்சங்கிலியான பிஓஎம்சியை எடுத்துக்கொள்ளுங்கள். பிட்யூட்டரியின் முன்மடலில் பிசி1/3 அதை வெட்டி, 39 அமிலம் கொண்ட ஏசிடிஹெச்சைத் தருகிறது. அது அட்ரீனலுக்குப் போய் கார்ட்டிசால் சுரக்கச் சொல்லும். ஹைப்போதலாமஸில் பிசி2-வும் இருப்பதால் கதை தொடர்கிறது. ஏசிடிஹெச்சின் 14 முதல் 18 வரை வாசியுங்கள்: கிளைசின், லைசின், லைசின், ஆர்ஜினின், ஆர்ஜினின். பிசி2 17-க்குப் பின் வெட்டும். கார்பாக்ஸிபெப்டிடேஸ் மூன்று அமிலங்களைச் சீவும். கிளைசின் வெளிப்படும், பிஏஎம் அதை அமைடாக்கும். தலைமுனையில் அசிட்டைல் ஒட்டும். கிடைப்பது 13 அமிலம் கொண்ட ஆல்ஃபா-எம்எஸ்ஹெச், பசியை அடக்கும் ஹார்மோன். ஜீன் ஒன்றுதான். கையிலிருக்கும் நொதிகள் வேறு, அதனால் ஹார்மோனும் வேறு.

குளுக்ககானின் முன்சங்கிலியான புரோகுளுக்ககானும் அப்படியே. கணையத்தின் ஆல்ஃபா செல்லில் பிசி2 அதிலிருந்து குளுக்ககானை எடுக்கும். குடலின் எல் செல்லில் பிசி1/3 அதே சங்கிலியிலிருந்து ஜிஎல்பி-1-ஐ எடுக்கும். ஒன்று ரத்தச் சர்க்கரையை ஏற்றுவது, மற்றது இன்சுலினைத் தூண்டி இறக்குவது. இந்தச் சங்கிலியில் ஒரு பொறியும் இருக்கிறது. 29 அமிலம் கொண்ட குளுக்ககானுக்குள்ளேயே 17, 18-ஆம் இடங்களில் ஆர்ஜினின் ஜோடி உட்கார்ந்திருக்கிறது, ஆனாலும் ஆல்ஃபா செல் அதைத் தொடாமல் முழு ஹார்மோனாக வெளியே விடுகிறது. ஜிஎல்பி-1-இன் தலைமுனையிலோ ஜோடியே இல்லை, தனி ஆர்ஜினின் ஒன்றின் பின்னால் வெட்டு விழுகிறது. ஆகவே சிவப்பு வட்டத்தை ‘இங்கே வெட்டலாம்’ என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். வெட்டுப்பட்டதா என்பதை ஆய்வகத்தில் பெப்டைடைப் பிரித்து, எடை பார்த்துத்தான் சொல்ல முடியும்.

ரத்தத்தில் நடக்கும் வெட்டுகளுக்கும் இந்த விதி செல்லாது. ரத்த அழுத்தத்தை ஏற்றும் ஆஞ்சியோடென்சினின் முன்சங்கிலியான ஆஞ்சியோடென்சினோஜெனில் ரெனின் என்ற நொதி வெட்டுவது லூசினுக்கும் வேலினுக்கும் இடையே. பிறகு ஏசிஈ என்ற இன்னொரு நொதி இரண்டு அமிலங்களைக் கழற்றும்.

பிசி1/3 பிறவியிலேயே பழுதானவர்களை நினைத்தால் இந்தக் கோடுகளின் கனம் புரியும். 1997-இல் முதன்முதலாக இந்த ஜீன் பழுது கண்டறியப்பட்ட பெண்ணுக்குச் சிறுவயதிலிருந்தே கடும் உடல் பருமன். ரத்தத்தில் புரோஇன்சுலின் ஏராளம், இன்சுலின் மிகக் குறைவு. இந்தக் குறைபாட்டோடு பிறக்கும் குழந்தைகளுக்குக் கடுமையான வயிற்றுப்போக்கும் வரும். ஆல்ஃபா-எம்எஸ்ஹெச் செய்ய வேண்டிய வேலையைச் செய்யும் செட்மெலனோடைடு என்ற மருந்துக்கு, இவர்களில் சிலருக்காக, 2020-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

பயிற்சிக்கு பி01210 என்ற பதிவெண்ணில் இருக்கும் புரோஎன்கெஃபலினை எடுங்கள், உடலே தயாரிக்கும் வலிநிவாரணிகளான என்கெஃபலின்களின் முன்சங்கிலி அது. ஒய்-ஜி-ஜி-எஃப் (டைரோசின், கிளைசின், கிளைசின், ஃபீனைல்அலனின்) என்ற நாலெழுத்தைத் தேடினால் ஏழு இடங்களில் வரும். ஐந்தில் அடுத்த ஓர் எழுத்தோடு பெப்டைடு முடிந்துவிடும். ஒன்று ஏழு எழுத்து வரையும் இன்னொன்று எட்டு வரையும் நீளும். எந்த இரண்டு, ஏன் நீள்கின்றன என்பதை ஜோடிகளை வட்டமிட்ட பிறகு பாருங்கள். ஒன்றுக்கான விடை சங்கிலியின் கடைசி எழுத்தில் இருக்கிறது.